முக்கால் கிகாபைற் எங்கே போனது?

2012 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், மாரிமழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், மட்டக்களப்பில் கல்லடி வாவிக்கரைக்கு அண்மையில் இருந்த ஒரு சிறிய பயிற்சி நிலையத்தின் கணினி ஆய்வுகூடத்தில் பதினான்கு கணினிகளின் பெட்டிகளையும் கழற்றி வைத்துவிட்டுப் ரேம் எனப்படும் புதிய நினைவக அட்டைகளைப் பொருத்திக்கொண்டிருந்தோம். நான் அங்கே போதனாசிரியராக இருந்தேன். வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர்கள் சிலர் தங்கள் உழைப்பிலிருந்து அனுப்பிய பணத்தில் ஒரு கணினிக்கு இரண்டு கிகாபைற் அட்டைகள் இரண்டு வீதம் இருபத்தெட்டு அட்டைகள் வாங்கியிருந்தோம். ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே இருந்த ஒரு கிகாபைற் அட்டைகள் இரண்டையும் எடுத்துவிட்டு இவற்றைப் போட்டால் இரண்டு நான்காகிவிடும் என்பதுதான் என் கணக்கு. முதல் கணினியை முடுக்கிப் பார்த்த மாணவன் திரையைக் காட்டிக் கேட்டான்:

"சேர், நாலு போட்டம், மூண்டேகால்தான் காட்டுது. மறுகா முக்கால் எங்க போச்சு?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் சரியான பதில் இருக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து அதே கேள்வி ஆயிரம் கிகாபைற் அளவில் என்னிடம் திரும்பி வந்தது. இரண்டுக்கும் பதில் ஒன்றே என்பதைக் கண்டுகொண்ட பிறகு, மெய்நிகர் இயந்திரங்களை, அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகளை, கற்கும் நம் பிள்ளைகளுக்காக அதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

அன்று நான் முதலில் சொன்ன பதில், விண்டோஸ் எக்ஸ்பி 32 பிற் பணிசெயல் முறைமை என்பதால் அதற்கு நான்கு கிகாபைற்றையும் காணத் தெரியாது என்பதாகும். அது முழுப் பொய்யன்று. ஆயினும் அந்தக் கணினிகளுக்கு அது காரணமாக இருக்கவில்லை. என் பதிலை நானே மெய்ப்பிக்க விரும்பி, ஒரு கணினியில் லினக்ஸ் வகையைச் சேர்ந்த 64 பிற் உபுண்டுவை நிறுவினேன். அந்தப் புரொசெசர்கள் பென்டியம் டூவல்-கோர் வகையைச் சேர்ந்தவை, 64 பிற் கட்டளைகளை இயக்கக்கூடியவை. நிறுவி முடித்ததும் நினைவகத்தின் அளவைக் கேட்டேன். அதே மூன்றேகால். மாணவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

லினக்ஸில் புரொசெசரைப் பற்றிய விபரங்களைத் தரும் கோப்பொன்று உண்டு. அதைத் திறந்து வரி வரியாகக் கீழே போனபோது, அதுவரை நான் ஒருநாளும் நின்று வாசித்திராத ஒரு வரி கண்ணில் பட்டது. முகவரி அளவுகள்: பௌதிகம் 36 பிற், மெய்நிகர் 48 பிற். முகவரி என்பது நினைவகத்தின் ஒவ்வொரு பைற்றுக்கும் உள்ள இலக்கம்; அதன் நீளத்தைப் பிற்றில் அளப்பார்கள். அதாவது, அந்தப் புரொசெசர் உண்மையான நினைவகத்தில் 36 பிற் நீளமுள்ள முகவரி வரைக்கும் எண்ணக்கூடியது. ஒரு பிற் கூடும்போது எட்டும் தூரம் இரட்டிப்பாகும் என்பதால், 32 பிற்றுக்கு நான்கு கிகாபைற் என்றால் 36 பிற்றுக்கு 64 கிகாபைற். புரொசெசர் 64 வரை எண்ணும், பணிசெயல் முறைமை அதற்கு மேலும் எண்ணும், பலகையில் நான்கு கிகாபைற் பொருத்தப்பட்டிருக்கிறது. இருந்தும் மூன்றேகால்தான் கிடைக்கிறது. மிஞ்சியிருந்தது மதர்போட்டில் இருந்த இன்டெல் 945 வரிசைச் சிப்செட். புரொசெசர் கேட்கும் முகவரியை ரேமுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அந்தச் சில்லு 32 பிற் முகவரிகளுக்கு மேல் எதையும் அறியாது.

அப்படியானாலும் 32 பிற்றுக்குள் நான்கு கிகாபைற் அடங்க வேண்டுமே, முக்கால் ஏன் குறைந்தது என்ற கேள்வி எஞ்சுகிறது. இதை விளக்குவதற்கு என் மாமா எனக்கு உதவினார், அவருக்கே தெரியாமல். அவர் உன்னிச்சைப் பக்கம் ஒரு வட்டைக்கு, அதாவது ஒரு வயல்வெளிக்கு, நீர்ப்பாசனத்தைக் கவனிக்கும் வட்டவிதானையாக இருந்தவர். ஒரு வட்டையில் இருக்கும் காணித் துண்டுகளுக்கு வரிசையாக இலக்கம் இடுகிறோம் என்று வையுங்கள். பதிவேட்டில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் நான்கு எண்கள் எழுத மட்டுமே கட்டம் அடித்திருக்கிறது. கடைசிப் பகுதியில் உள்ள இலக்கங்களை வாய்க்காலுக்கும், சூடு மிதிக்கும் களத்துக்கும், கோயிலுக்கும், வண்டிப் பாதைக்கும் கொடுத்துவிட்டார்கள். அந்த இலக்கத்தைச் சொல்லிப் போனால் வயல் கிடைக்காது, வாய்க்கால்தான் கிடைக்கும். அதே எண்ணிக்கைக்கு வயலும் இருக்கிறது. ஆனால் கடைசி வயல்களுக்குக் கொடுக்க இலக்கம் இல்லை. நிலம் அங்கேயே கிடக்கிறது; அதைப் பெயர் சொல்லி அழைக்கத்தான் வழியில்லை.

கணினியிலும் இதுவே நடக்கிறது. வரைகலை அட்டை, வலையமைப்பு அட்டை, கணினியைத் தொடக்கும் நிரல் இருக்கும் பயோஸ் சில்லு, குறுக்கீடுகளைக் கையாளும் பகுதி ஆகிய எல்லாவற்றோடும் புரொசெசர் பேசுவது நினைவக முகவரிகளின் ஊடாகவே. அவற்றுக்கான முகவரிகள் நான்கு கிகாபைற் எல்லைக்குச் சற்றுக் கீழே ஒதுக்கப்படுகின்றன. பிசிஐ எக்ஸ்பிரஸ் சாதனங்களின் அமைப்பு விபரங்களுக்கு மட்டுமே 256 மெகாபைற் அளவு முகவரி வெளி போய்விடும். புதிய சிப்செட்டுகள், இவ்வாறு மறைக்கப்பட்ட ரேமை நான்கு கிகாபைற்றுக்கு மேலே புதிய முகவரி கொடுத்து மீட்டெடுக்கும். எங்கள் பலகைக்கு நான்குக்கு மேலே முகவரி என்று ஒன்றே கிடையாது. ஆகவே 3328 மெகாபைற் அளவோடு எல்லாம் முடிந்தது.

இதை முன்பே அறிந்திருந்தால் ஒரு கணினிக்கு ஓர் இரண்டு கிகாபைற் அட்டையை மட்டும் வாங்கி, பழைய ஒரு கிகாபைற் அட்டையோடு சேர்த்து மூன்றாக்கியிருப்பேன். கால் கிகாபைற்தான் குறைந்திருக்கும், செலவு பாதியாகியிருக்கும். பெட்டியிலிருந்து எடுத்த அட்டைகளைத் திருப்பிக் கொடுக்க முடியாதென்று கடையில் சொல்லிவிட்டார்கள். பணம் அனுப்பியவர்களுக்கு நான் எழுதிய விளக்கக் கடிதத்தில் இந்த வரியையும் மறைக்காமல் எழுதினேன். அவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதலாகவும் பெரிய பாரமாகவும் இருந்தது.

அவ்வளவு நினைவகம் எங்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். வலையமைப்புப் பாடத்துக்கு ஒரு மாணவருக்கு மூன்று கணினிகளாவது வேண்டும்; ஒன்று வழங்கியாக, ஒன்று பயனராக, ஒன்று இடையில் வழிப்படுத்தியாக. பதினான்கு கணினிகளை வைத்துக்கொண்டு வாகரையிலிருந்தும் கொக்கட்டிச்சோலையிலிருந்தும் பஸ் ஏறி வரும் பிள்ளைகளுக்கு அதைச் செய்து காட்ட ஒரே வழி, ஒரு கணினிக்குள் மூன்று மெய்நிகர் இயந்திரங்களை ஓடவிடுவதுதான். அவற்றை ஓடவைக்கும் வேர்ச்சுவல்பொக்ஸ் என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது. அங்கேதான் முகவரிப் பிரச்சினை இரண்டாவது உருவத்தில் எங்களைச் சந்தித்தது.

ஆய்வுகூடத்தில் நாங்கள் கெஸ்ட் என்றும் ஹோஸ்ட் என்றும் சொல்வதை இங்கே விருந்தினர், புரவலர் என்று எழுதுகிறேன்; உள்ளே ஓடும் மெய்நிகர் இயந்திரம் விருந்தினர், அதற்கு இடம் கொடுக்கும் உண்மையான கணினி புரவலர். விருந்தினர் முறைமை தனக்குக் கிடைத்த ரேமின் முதல் பைற்றைப் பூச்சியமாவது முகவரி என்றே நம்புகிறது. வட்டையில் போடியார் எனப்படும் நிலவுடைமையாளர் ஒருவரின் காணியைப் பிரித்துப் பயிர்செய்யும் முல்லைக்காரர் ஒவ்வொருவரும் தத்தம் பங்கின் முதல் வரவையை, அதாவது வயல் துண்டை, ஒன்றாம் வரவை என்று சொல்வதைப் போன்றது இது. போடியாருக்கு மட்டுமே எந்த ஒன்று எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆகவே மெய்நிகர் இயந்திரத்தில் மூன்று வகை முகவரிகள் இருக்கின்றன. விருந்தினருக்குள் ஓடும் செயலி பயன்படுத்தும் மெய்நிகர் முகவரி ஒன்று. அதை விருந்தினர் முறைமை மாற்றித் தரும், விருந்தினர் உண்மை என்று நம்பும் பௌதிக முகவரி இரண்டாவது. அந்த நம்பிக்கைக்குப் பின்னால் புரவலரின் ரேமில் உண்மையில் இருக்கும் முகவரி மூன்றாவது. எல்லை என்று சொல்லும்போது, இந்த மூன்றில் எதன் எல்லை என்று கேட்காமல் பேசினால் குழப்பமே மிஞ்சும்.

எங்கள் கணினிகளில் புரவலர் 32 பிற் விண்டோஸ் ஆக இருந்தது. அதில் ஒரு செயல்முறைக்கு, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்கு, கிடைப்பது வழக்கமாக இரண்டு கிகாபைற் முகவரி வெளி மட்டுமே. விருந்தினரின் ரேம் முழுவதும், வேர்ச்சுவல்பொக்ஸின் சொந்தத் தேவைகளும், அந்த ஒரு செயல்முறையின் முகவரி வெளிக்குள்தான் அடங்க வேண்டும். இதனால் ஓர் இயந்திரத்துக்கு ஏறத்தாழ 1500 மெகாபைற்றுக்கு மேல் கொடுக்க முடியாமல் போனது. புரவலரில் ஒன்றரை கிகாபைற்றுக்கு மேல் வெறுமனே கிடக்கும்போதும், திரையில் ரேமின் அளவைக் கூட்டும் சறுக்கி அதற்கு மேல் நகரவில்லை. நல்லவேளையாக, எங்களுக்கு வேண்டியவை 512 மெகாபைற் இயந்திரங்கள் மூன்று. தனித்தனிச் செயல்முறைகளாக அவை ஓடியதால் அந்த எல்லை எங்களைத் தடுக்கவில்லை.

எங்களைத் தடுத்தது வேறொன்று. உபுண்டு 12.10 இன் 32 பிற் பதிப்பை விருந்தினராக நிறுவ முயன்ற மாணவி ஒருவர், கறுப்புத் திரையில் தோன்றிய மூன்று வரிகளைத் தன் கொப்பியில் எழுத்துக்கு எழுத்து எழுதிக்கொண்டு வந்தார். இந்தக் கருவுக்கு (பணிசெயல் முறைமையின் மையப் பகுதிக்கு) தேவையான பின்வரும் வசதி புரொசெசரில் இல்லை என்பது முதல் வரி. பிஏஈ என்பது அடுத்தது; பௌதிக முகவரி நீட்சி (PAE) என்பதன் சுருக்கம் அது. தொடங்க முடியாது, உங்கள் புரொசெசருக்கு ஏற்ற கருவைப் பயன்படுத்துங்கள் என்பது கடைசி. "சேர், எங்கட புரொசெசர்ல பிஏஈ இரிக்கெண்டு நீங்கதானே போன கிழமை சொன்னீங்க" என்றார். அவர் சொன்னது சரி. புரவலரின் புரொசெசரில் அது இருந்தது. விருந்தினருக்குக் காட்டப்பட்ட புரொசெசரில் இல்லை. அமைப்புகளில் புரொசெசர் பகுதியில் இருந்த ஒரு சின்னக் கட்டத்தில் சரி அடையாளம் இட்டதும் இயந்திரம் எழுந்தது. அந்தச் சின்னக் கட்டம்தான் இந்தக் கட்டுரையின் மையம் என்று நான் நினைக்கிறேன். விருந்தினர் அறிவது புரொசெசரை அன்று. புரொசெசரைப் பற்றி அதற்குச் சொல்லப்பட்டதை மட்டுமே.

பிஏஈ என்பது இன்டெல் 1995 இல் பென்டியம் புரோவுடன் கொண்டுவந்த ஏற்பாடு. 32 பிற் புரொசெசர் பௌதிக நினைவகத்தை 36 பிற் முகவரியால், அதாவது 64 கிகாபைற் வரை, எட்டுவதற்காக அது வந்தது. நினைவகத்தைப் பக்கங்கள் என்னும் துண்டுகளாகப் பிரித்து, மெய்நிகர் முகவரியைப் பௌதிக முகவரியாக மாற்றித் தரும் பக்க அட்டவணையின் ஒவ்வொரு பதிவும் நான்கு பைற்றிலிருந்து எட்டு பைற்றாக அகன்றது. இரண்டு படிகளாக இருந்த அட்டவணை மூன்று படிகளானது. ஆனால் ஒரு செயலி காணும் மெய்நிகர் முகவரி 32 பிற்றாகவே இருந்துவிட்டதால், கணினியில் 64 கிகாபைற் இருந்தாலும் தனியொரு செயலி நான்கைத் தாண்ட முடியாது. அப்படியிருக்க 512 மெகாபைற் விருந்தினருக்கு அது எதற்கு என்று கேட்கலாம். அகன்ற பதிவில் கிடைத்த மேலதிக இடத்தில்தான், இந்தப் பக்கத்தில் உள்ளதைக் கட்டளையாக இயக்கக்கூடாது என்று குறிக்கும் பாதுகாப்புப் பிற் வைக்கப்பட்டது. அந்த நாட்களில் வேர்ச்சுவல்பொக்ஸின் அந்தச் சின்னக் கட்டத்தின் பெயரிலேயே பிஏஈயும் இந்தப் பாதுகாப்புப் பிற்றும் சேர்ந்தே இருந்தன.

64 பிற் விருந்தினரை அந்தக் கணினிகளில் ஓடவைக்கவே முடியவில்லை. புரொசெசர் 64 பிற்தான், ஆனால் மெய்நிகராக்கத்துக்கான விடி-எக்ஸ் வசதி அந்த மலிவு வகைகளில் கிடையாது. 32 பிற் காலத்தில் மெய்நிகராக்க மென்பொருள்கள், விருந்தினர் தங்கள் நினைவகத்துக்குள் கைவைக்காதபடி துண்ட எல்லைகள் என்னும் பழைய பொறிமுறையைக் கொண்டு வேலி அடைத்தன. 64 பிற் பயன்முறையில் அந்த எல்லைச் சோதனை கைவிடப்பட்டது. வேலி போனதும், வன்பொருள் உதவி இல்லாமல் விருந்தினரை அடைத்து வைப்பது அரிதாகிவிட்டது. பின்வந்த ஆண்டுகளிலும் வேர்ச்சுவல்பொக்ஸின் பட்டியலில் 32 பிற் பதிப்புகள் மட்டுமே தெரிகின்றன என்று யாராவது கேட்டால், பெரும்பாலும் பயோஸில் இந்த வசதி அணைக்கப்பட்டிருக்கும்; அல்லது விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க மென்பொருளான ஹைப்பர்-வி அதை முன்பே தன் கையில் எடுத்திருக்கும்.

இனி, முகவரி மாற்றம் எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். என்னை மிகவும் கவர்ந்த பகுதி இது. முற்காலத்தில், மெய்நிகராக்க மென்பொருள் விருந்தினரின் பக்க அட்டவணைக்கு ஒரு நிழல் அட்டவணையைத் தானே எழுதி வைத்திருந்தது. விருந்தினரின் மெய்நிகர் முகவரியிலிருந்து நேரே புரவலரின் உண்மை முகவரிக்குப் போகும் குறுக்கு வழி அது. புரொசெசர் நிழலையே வாசித்தது. விருந்தினர் தன் அட்டவணையில் ஒரு வரியை மாற்றினாலும் மென்பொருள் குறுக்கிட்டு நிழலையும் திருத்த வேண்டியிருந்ததால், வேலை கூடக்கூட இயந்திரம் தள்ளாடியது. 2007 இல் ஏஎம்டியின் பார்சிலோனா ஒப்டெரொன்களிலும், 2008 இல் இன்டெலின் நெஹேலம் புரொசெசர்களிலும் இந்த வேலையை வன்பொருளே செய்யத் தொடங்கியது. விருந்தினருக்கு அதன் அட்டவணை. புரவலருக்கு இன்னோர் அட்டவணை. புரொசெசர் இரண்டையும் தானே நடந்து பார்க்கும்.

அந்த நடையை ஒருமுறை கையால் எண்ணிப் பாருங்கள். 64 பிற் விருந்தினரின் அட்டவணை வழக்கமாக நான்கு படிகள் கொண்டது. ஒவ்வொரு படியும் அடுத்த படி எங்கே இருக்கிறது என்று ஒரு முகவரியைச் சொல்கிறது. ஆனால் அது விருந்தினர் நம்பும் பௌதிக முகவரி. அதை உண்மை முகவரியாக்கப் புரவலரின் நான்கு படிகளிலும் இறங்க வேண்டும், பிறகுதான் விருந்தினரின் அந்தப் படியை வாசிக்கலாம். ஆக, ஒரு படிக்கு ஐந்து வாசிப்பு, நான்கு படிகளுக்கு இருபது. கடைசியில் கிடைக்கும் முகவரியும் விருந்தினருடையதே என்பதால், அதை மாற்ற இன்னும் நான்கு. ஒரேயொரு பைற்றைத் தொடுவதற்கு முன், மிக மோசமான நிலையில் 24 முறை நினைவகத்துக்குப் போய்வர வேண்டும். மெய்நிகராக்கம் இல்லாத கணினியில் அது நான்கே. அண்மையில் செய்த மாற்றங்களைப் புரொசெசர் தனக்குள் நினைவில் வைத்துக்கொள்வதால் இந்த முழு நடை எப்போதாவதுதான் நிகழ்கிறது. பெரிய நினைவகம் கொண்ட மெய்நிகர் இயந்திரங்களுக்கு நான்கு கிலோபைற் பக்கங்களுக்குப் பதிலாக இரண்டு மெகாபைற் பக்கங்களைக் கொடுக்கச் சொல்வதற்கும் இதுவே காரணம்; அப்போது ஒரு படி குறைகிறது, நினைவில் வைத்த ஒரு மாற்றம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு மடங்கு இடத்துக்கு உதவுகிறது.

இவ்வளவும் என் வகுப்புக் குறிப்புகளில் இருந்தவை. 1024 கிகாபைற் கேள்வி பிற்பாடு வந்தது.

அந்தக் கறுப்புத் திரையைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்த மாணவி இப்போது கொழும்பில் ஒரு நிறுவனத்தில் வழங்கிகளைப் பராமரிக்கிறார். ஒருநாள் இரவு தொலைபேசியில் அழைத்தார். ஒரு பெரிய தரவுத்தளத்துக்காக ஒன்றரை தெராபைற் (ஒரு தெராபைற் 1024 கிகாபைற்) ரேம் கொண்ட மெய்நிகர் இயந்திரம் ஒன்றைக் கெமு (QEMU) என்னும் மெய்நிகராக்க மென்பொருளில் அமைத்திருக்கிறார், புரவலரில் இரண்டு தெராபைற் இருக்கிறது, இயந்திரம் எழவில்லை.

"சேர், ஆயிரம் கிகா வரைக்கும் எழும்புது. அதுக்கு மேல குடுத்தா முகவரி பிற் காணாதெண்டு சொல்லிப்போட்டு நிண்டிருது."

"எத்தின பிற் எண்டு காட்டுது பிள்ள?"

"நாப்பது, சேர்."

"ஹோஸ்ட்ல எத்தின?"

சற்று நேரம் விசைப்பலகையின் சத்தம் மட்டும் கேட்டது. "நாப்பத்தாறு" என்றார். பிறகு, நான் வாய் திறப்பதற்கு முன்பே, "சேர், இது அந்தப் பிஏஈ கட்டம்தானே?" என்றார்.

அதுவேதான். கெமு, வேறொன்றும் சொல்லாவிட்டால், விருந்தினருக்குக் காட்டும் புரொசெசருக்குப் பௌதிக முகவரி 40 பிற் என்று சொல்லிவிடுகிறது. 40 பிற் என்றால் சரியாக ஒரு தெராபைற். 2003 ஏப்ரிலில் வெளிவந்த முதல் ஒப்டெரொனின் பௌதிக முகவரியும் இதே 40 பிற்தான். கட்டமைப்பு அதற்கு அப்பால் 52 பிற் வரை, நான்கு பெற்றாபைற் வரை, இடம் விட்டிருக்கிறது. புரவலரின் எண்ணையே விருந்தினருக்கும் சொல் என்று அமைப்பில் ஒரு சொல்லைச் சேர்த்ததும் அவருடைய இயந்திரம் எழுந்தது. சரியாக 1024 கிகாபைற் கொடுத்தால்கூட அது ஏன் எழவில்லை என்பதற்குக் காரணம் நம் பழைய வட்டைதான். மெய்நிகர் இயந்திரத்துக்கும் ஒரு மெய்நிகர் மதர்போட் உண்டு. அதிலும் நான்கு கிகாபைற்றுக்குக் கீழே சாதனங்களுக்கென இலக்கங்கள் ஒதுக்கப்படுகின்றன. அங்கே இடம் இழந்த ரேம் மேலே தள்ளப்படுவதால் கடைசித் துண்டு ஒரு தெராபைற் எல்லையைத் தாண்டிவிடுகிறது. வேர்ச்சுவல்பொக்ஸில் இந்த ஒதுக்கீடு வழக்கமாக 512 மெகாபைற். பிஏஈ இல்லாத ஒரு விருந்தினருக்கு நான்கு கிகாபைற் கொடுத்தால் அது மூன்றரையைத்தான் காணும். தொட்டுப் பார்க்க ஓர் அட்டையும் இல்லாத இயந்திரத்திலும் வாய்க்காலுக்கு இலக்கம் போய்விடுகிறது.

ஏஎம்டி புரவலர்களில் இதே கதை ஒரு தெராபைற்றுக்குச் சற்றுக் கீழேயும் இருக்கிறது. 1012 கிகாபைற்றிலிருந்து 1024 வரை உள்ள 12 கிகாபைற் முகவரி வெளி, புரொசெசரைப் பிற சில்லுகளோடு இணைக்கும் ஹைப்பர்டிரான்ஸ்போர்ட் இணைப்புக்கென ஒதுக்கப்பட்டது. ஓர் உண்மையான சாதனத்தை விருந்தினரிடம் நேரே ஒப்படைக்கும்போது அந்த இடத்தில் ரேம் வந்து விழுந்தால் பிழையாகும் என்பதால், கெமு அத்தகைய பெரிய இயந்திரங்களில் நான்கு கிகாபைற்றுக்கு மேல் வரும் ரேமை ஒரு தெராபைற்றுக்கு மேலிருந்து அடுக்கத் தொடங்குகிறது.

எண்ணைக் கூட்டிச் சொன்னால் போயிற்று என்று நினைப்பதும் ஆபத்தானது. வீட்டுப் பாவனைக்கான இன்டெல் கோர் புரொசெசர்கள் பலவற்றில் பௌதிக முகவரி 39 பிற்தான், அதாவது 512 கிகாபைற். அத்தகைய புரவலரில் ஓடும் விருந்தினருக்கு 40 என்று சொல்லிவிட்டால், ரேம் சிறிதாக இருக்கும் வரை ஒரு தொல்லையும் தெரியாது. ஆனால் விருந்தினரின் நிலைபொருள் (பயோஸ் போன்ற தொடக்க நிரல்) பெரிய வரைகலை அட்டை ஒன்றின் நினைவகத்தை, தனக்குச் சொல்லப்பட்ட வெளியின் உச்சியில் கொண்டுபோய் வைக்குமானால், அந்த முகவரி உண்மையான புரொசெசருக்கு எட்டாத இடத்தில் இருக்கும். அட்டை பழுது என்று கழற்றி அனுப்பிவிடுவோம். அட்டையில் ஒரு பழுதும் இருக்காது.

அந்த இரவு அவர் கடைசியாகக் கேட்ட கேள்வி, நான் எதிர்பார்த்ததை விட ஆழமானது. இயங்கிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை நிறுத்தாமல் வேறொரு புரவலருக்கு நகர்த்தும்போது அந்தப் புரவலரில் பிற் குறைவாக இருந்தால் என்ன செய்வது என்றார். விருந்தினர் தொடங்கும்போது ஒருமுறை கேட்டறிந்த எண்ணை இடையில் மாற்ற முடியாது. 46 என்று கேட்டுக்கொண்ட முறைமை 39 இல் போய் இறங்கினால், பக்க அட்டவணையில் எந்தப் பிற்கள் செல்லும், எவை செல்லா என்பதிலேயே இரண்டுக்கும் கருத்து வேறுபடும். ஆகவே புரவலரின் எண்ணை அப்படியே காட்டாமல், இயந்திரம் என்றைக்காவது போகக்கூடிய எல்லாப் புரவலர்களிலும் மிகச் சிறிய எண்ணைத் தேர்ந்து, அதையே உச்ச எல்லையாக முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். அவருடைய தொகுதியில் மிகச் சிறியது 46. ஒன்றரை தெராபைற்றுக்கு அது தாராளம்.

மறுநாள் காலை ஆய்வுகூடத்தில், இப்போது இருக்கும் கணினிகளில் அந்த வரியை மீண்டும் வாசித்துப் பார்த்தேன். பௌதிகம் 39, மெய்நிகர் 48. பலகைகள் ஏற்கும் உச்ச ரேம் 64 கிகாபைற், பொருத்தியிருப்பது 16. இம்முறை வாங்குவதற்கு முன் புரொசெசரின் எண், சிப்செட்டின் எண், பலகையின் எண், வேர்ச்சுவல்பொக்ஸ் விருந்தினருக்குச் சொல்லும் எண் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டே கடைக்குப் போனோம்.